பதினாறு டன், இருபது மீட்டர்

பிப்ரவரி 3, திங்கள்

சேலம் போய் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வந்தேன். என் கணவர் வரவில்லை. திங்கட்கிழமை தோளுக்குப் பயிற்சி செய்யும் நாள், அதைத் தவறவிட்டால் அந்த வாரமே கோணிவிடும் என்பது அவர் கணக்கு. போன மாதம் இரண்டு முறை பாரம் தூக்கும்போது அவருக்குக் கண் இருட்டியது. நான் பிடிவாதம் பிடித்து எடுக்கவைத்த ஸ்கேன் இது.

டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு படம் வரைந்தார். குடையின் கைப்பிடியைத் தலைகீழாக வைத்ததுபோல் இருந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் அது என்றார். கிளம்பும் இடத்திலேயே விரிந்திருக்கிறதாம், நாலு புள்ளி எட்டு சென்டிமீட்டர். தம் கட்டி எதையும் தூக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. தம் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த இடம் கிழிந்தால் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரக்கூட நேரம் இருக்காது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். “நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு மாசத்துல அவரக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

பேருந்து ஜன்னலில் வழியெல்லாம் லாரிகள். வண்ணம் அடித்தவை, அடிக்காதவை, வெறும் எலும்புக்கூடாக நிற்பவை. நாமக்கல் வந்ததே தெரியவில்லை. பக்குவமாக என்ற சொல்லை மட்டும் மனத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்ப்புத் திருத்தும்போது சில சொற்களை நெடுநேரம் பார்த்தால் அவை அர்த்தம் இழந்துபோகும். அப்படிப் போய்விட்டது.

அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். நூற்று நாற்பது கிலோ மனிதர், கையில் போன் ஒரு பிஸ்கட் துண்டு போல இருந்தது. வளைகுடாவில் நடக்கும் பலசாலிகள் போட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உலகம் முழுக்கப் பதினாறு பேர், ஓராண்டு ஒப்பந்தம். பதினாறு டன் லாரியை இருபது மீட்டர் நாற்பது வினாடிக்குள் இழுத்து, வெட்டாத வீடியோவாக மார்ச் இருபதுக்குள் அனுப்ப வேண்டும். பதினோரு வருடமாக அவர் எதிர்பார்த்திருந்த கடிதம். மூன்று முறை எனக்குப் படித்துக் காட்டினார். அதன் பிறகுதான், “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

ரத்தம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம் என்று சொன்னேன்.

அங்கேயே ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி, என் கண் முன்னால் முழுவதும் குடித்தார்.


பிப்ரவரி 5, புதன்

காலை ஆறு மணி. குப்பண்ணன் பட்டறைக்குப் பின்னால் உள்ள சிமென்ட் சாலையில் இரண்டு வெள்ளைக் கோடுகள். குப்பண்ணன் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். எடை பதினாறு டன் வரும்படி ஜல்லி ஏற்றிய பத்துச் சக்கர வண்டி ஒன்றை எங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறார். அவர் இரண்டாவது கோட்டில் போனில் நேரம் எடுப்பார். என் கணவர் வண்டியோடு கயிற்றால் பிணைத்த வாரைத் தோளில் கட்டி, முன்னால் கம்பத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்பார். வண்டிக்குள் நான்.

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கவும், கோடு தாண்டியதும் பிரேக்கை மிதிக்கவும் தெரியும். போன வருடம் ஒரு டிரைவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே மிதிக்க மறந்து, வண்டி அவர் குதிகாலைத் தொட்டுவிட்டது. அன்றிலிருந்து இந்த இருக்கைக்கு என்னைத் தவிர வேறு யாரையும் அவர் ஏற்றுவதில்லை.

பிரேக்குக்குக் காற்று நிற்க வேண்டும் என்பதற்காக எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு வெளியே பனியும் மலைக்கோட்டையும் அவருடைய முதுகும். முதல் நாலு வினாடி எதுவும் நடக்காது. ஒரு மனிதர் காற்றில் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கும். அப்புறம் மலைக்கோட்டை மெல்ல நகரத் தொடங்கும். அதுதான் எனக்கு முதலில் தெரியும், வண்டி நகர்வதாகத் தோன்றாது. இரவெல்லாம் கட்டியிருந்த படகைக் கரையிலிருந்து யாரோ சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்டதுபோல் இருக்கும்.

43 வினாடி. இன்னும் மூன்றுதான் குறைக்க வேண்டும்.


பிப்ரவரி 9, ஞாயிறு

முட்டை வேகவைத்தது முப்பது. உரித்தது முப்பது. கோழி இரண்டு கிலோ, சோறு நாலு வேளை. துணி துவைத்தேன். அவருடைய சட்டை ஒன்று கொடியில் மூன்று சட்டை இடத்தைப் பிடிக்கிறது.

மதியம் அவர் தூங்கினார். இந்த உடம்புக்குப் படுத்தால் மூச்சு அடைபடும், அதனால் முகமூடியும் குழாயும் உள்ள ஒரு கருவி மாட்டிக்கொள்கிறார். அறை முழுக்க அதன் சத்தம், அலை வந்து போவதுபோல. பக்கத்தில் உட்கார்ந்து திமிங்கலங்களைப் பற்றிய புத்தகத்தைப் படித்தேன். நீலத் திமிங்கலம் ஆழத்துக்குப் போகும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டு முறைதான் துடிக்குமாம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு இடம். ஒரு பக்கம் படித்து முடித்துவிடலாம்.

அவர் விழித்ததும் அதைச் சொன்னேன். “அது தண்ணி நெறையக் குடிக்குமாட்ட இருக்குது” என்றார்.

புது மாத்திரையைச் சத்து மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கிறேன். பத்து பதினொன்றானதை அவர் கவனிக்கவில்லை. கவனித்தாலும் கேட்கமாட்டார், கொடுப்பது நான் என்பதால்.

சொல்லிவிட வேண்டும். வரும் வாரம்.


பிப்ரவரி 10, திங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மிதி குளிர்ந்திருந்தது. 47.


பிப்ரவரி 14, வெள்ளி

51. நல்ல பனி. சாலை ஈரம். டயரில் காற்றும் குறைந்திருக்கலாம்.

பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய நாற்பது பக்கம் அப்படியே கிடக்கிறது. இன்று ஒரு பிழைகூட என் கண்ணில் படவில்லை. பிழையே இல்லாத நாற்பது பக்கம் உலகத்தில் கிடையாது.


பிப்ரவரி 18, செவ்வாய்

55.

அவர் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவை வேறு யாருடையவோ என்பதுபோல. குப்பண்ணன் மட்டும் சும்மா இருக்கவில்லை. பிரேக் எங்கோ ஒட்டுகிறது என்று சொல்லி, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். அரை மணி நேரம் அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பத்துச் சக்கரத்தையும் தட்டிப் பார்த்தார். காற்றுக் குழாய்களில் சோப்பு நுரை பூசிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

கை துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தார். நான் இன்னும் இறங்கவில்லை. “வண்டில ஒரு கோளாறும் இல்ல அம்மிணி” என்றார். பிறகு படிக்கட்டின் மேல் இருந்த என் செருப்பைப் பார்த்தார். “சேறு ஆயிரும்னு கழட்டி வெச்சியாக்கும்” என்றார்.

ஆமாங்ண்ணா என்றேன்.

போகும் வழியில் குப்பண்ணன் அவரை வழக்கம்போல் வம்புக்கு இழுத்தார். “லாரிக்கு பாடி கட்ட ரெண்டு மாசம் போதும் மாப்ள. உனக்கு உம் பொண்டாட்டி மதி ஆறு வருசமா முட்டைலயே கட்டறா, இன்னும் டெலிவரி ஆவல.” அவர் சிரிக்கவில்லை.


பிப்ரவரி 23, ஞாயிறு

என் கால்தான்.

எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பெருவிரல் மட்டும். பிரேக் மிதியின் மேல் ஒரு இலையை வைப்பதுபோல வைத்தால் போதும். பதினாறு டன்னும் அதை உணர்ந்துகொள்கிறது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நேரம் சொல்வது குப்பண்ணனின் போன், அவர் நம்புவது அந்த எண்ணை. நாற்பதுக்குள் வராது என்று அவருக்கே தெரிந்துவிட்டால், அவராக விட்டுவிடுவார். யாரும் தடுத்ததாக இருக்காது. மார்ச் இருபது கடந்துபோகும். அதற்கப்புறம் அவரைச் சேலம் கூட்டிப்போவேன்.

இந்தத் திட்டத்தை ஒரு கதையில் படித்திருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன்.

59.


பிப்ரவரி 27, வியாழன்

அவர் விட்டுவிடவில்லை. அவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும், இது மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று தெரியவில்லை.

மூன்று நாள் கழுத்துத் துண்டோடு வெளிநாட்டு வீரர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை எழுந்து, பாதித் தூரத்தில் மூச்சு விடுவதுதான் தன் தப்பு என்றார். வயிற்றில் காற்றை அடைத்துக்கொண்டு முழு இருபது மீட்டரும் ஒரே தம்மில் போக வேண்டுமாம். இன்று பின்வாசல் தொட்டியில் முகத்தை முக்கித் தம் பிடித்துப் பழகினார். என்னை நேரம் எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். தண்ணீருக்கு மேல் அவர் முதுகு மட்டும், ஒரு தீவு போல, அசையாமல். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. காகம் ஒன்று வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

நிமிர்ந்தபோது வலது கண்ணின் வெள்ளையில் ஒரு ரத்தப் பொட்டு.

என் விரல் அழுத்த அழுத்த அவர் தம் கட்டுவது கூடிக்கொண்டே போகிறது. டாக்டர் எதைக் கூடாது என்றாரோ அதைத்தான் நான் தினமும் காலையில் அவரைச் செய்யவைத்துக்கொண்டிருக்கிறேன்.


மார்ச் 2, ஞாயிறு

இன்று மிதியின் பக்கமே காலைக் கொண்டுபோகவில்லை. இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டேன்.

மலைக்கோட்டை கிடுகிடுவென்று வந்தது. கோடு தாண்டி மிதிக்கத்தான் தாமதமாகிவிட்டது.

36.

குப்பண்ணன் போனை இரண்டு முறை பார்த்தார். என் கணவர் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு வாரோடு அப்படியே சாலையில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. “தம்முதான் மதி. தம்முலதான் இருந்துருக்குது எல்லாம். இது தெரியாம பதினோரு வருசம் போச்சு” என்றார். முகம் செம்பு நிறத்தில் இருந்தது. கழுத்தில் ஒரு நரம்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வீடியோ எடுப்பதாக முடிவாகிவிட்டது. 34 வேண்டுமாம். இன்னும் நல்லாத் தம் கட்டினால் வருமாம்.


மார்ச் 6, வியாழன்

சொன்னேன்.

மதியம், இரண்டாவது சாப்பாட்டின்போது. அகராதிக்குள் வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் வரைந்த படத்தைக் காட்டினேன். தண்ணீர் குடிக்கச் சொன்னது பொய் என்றேன், பதினொன்றாவது மாத்திரை எதற்கு என்றேன். வரிசையாகச் சொன்னேன். ஒரு நாள்கூட ஒத்திகை பார்க்காதது எப்படி அவ்வளவு ஒழுங்காக வந்தது என்று தெரியவில்லை. கடைசியாக என் விரலைப் பற்றிச் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை.

“எத்தன நாளா?”

“பத்தாந் தேதிலருந்து.”

“எவ்வளவு அழுத்துன?”

“பெருவிரல் மட்டும். செருப்பக் கழட்டிட்டு.”

அவர் என் காலைப் பார்த்தார். ஏதோ சின்ன பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“எனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சுட்டேன் மதி” என்றார். “காலைல எந்திரிச்சுக் கையப் பாப்பேன். இதுல என்ன கொறஞ்சு போச்சுன்னு பாப்பேன்.”

நான் பயத்தால் செய்ததாகச் சொன்னேன். அது உண்மைதான். சொல்லும்போது உண்மை மாதிரி இல்லை.

“சொல்லியிருந்தா நின்னுருப்பனோ என்னமோ. தெரியல. நீ கேக்கவே இல்லியே. என்னயக் கேக்காமயே என்னய நிறுத்திப் பாத்துருக்கற.” தட்டை நகர்த்திவிட்டு, “பாரம் இல்லாம எனக்கு நடக்கவே தெரியாது” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சோறு பாதி இருந்தது. அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்தது இதுதான் முதல் முறை. சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.


மார்ச் 7, வெள்ளி

வரவில்லை. பட்டறையில் இருப்பதாகக் குப்பண்ணனின் மனைவி போனில் சொன்னார். அவர் வண்டியைத் தொடவில்லையாம். அதை நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.


மார்ச் 9, ஞாயிறு

வீடியோ எடுக்க வேண்டிய நாள். ஆறு மணிக்கு விழித்து, ஏழரை வரை போனைப் பார்த்தபடி இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் முப்பது முட்டையை வேகவைத்துவிட்டேன், பழக்கத்தில்.


மார்ச் 11, செவ்வாய்

குப்பண்ணன் வந்தார், முகமூடிக் கருவியை வாங்கிப் போக. ஐந்து நாளாக அது இல்லாமல் பட்டறைப் பெஞ்சில் படுத்து, அவர் விடும் குறட்டையில் வெல்டர்கள் ஓடிவிட்டார்களாம். தூக்குப் போசியில் முட்டையும் கோழியும் வைத்துக் கொடுத்தேன். வாசலிலேயே நின்றார், உட்காரவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும் அம்மிணி. பிரேக்குல காத்து போற சத்தம் கேக்காதா? நாப்பது வருசமா லாரியோடயே கெடக்கறேன். புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்னு வாய மூடிட்டேன். மூடியிருக்கக் கூடாது.”

அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

“என்னத்தச் செய்யறான். டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்துக்கறான். ஓட்டறதும் இல்ல, எறங்கறதும் இல்ல. கண்ணாடி வழியா ரோட்டயே பாத்துட்டு இருக்கறான். நேத்து எங்கிட்டக் கேக்கறான், இங்கருந்து பாத்தா நான் எப்படிண்ணா தெரியுவேன்னு. எனக்கு என்னடா தெரியும், உம் பொண்டாட்டியக் கேளுன்னேன்.”

செருப்பை மாட்டியபிறகு திரும்பி, “அந்தப் பேப்பரக் குடுக்கச் சொன்னான். சேலத்துக்குப் போறானாம். தனியா” என்றார்.

ரிப்போர்ட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சீட்டு எழுதி உள்ளே வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆயிரம் பக்கம் படித்திருக்கிறேன், ஒரு வரி வரவில்லை. கவரின் மேல் டாக்டர் இருக்கும் நேரத்தை மட்டும் எழுதினேன்.


மார்ச் 15, சனி

பதிப்பகத்துக்கு நாற்பது பக்கத்தையும் முடித்து அனுப்பினேன். நூற்றுப்பதினேழு பிழைகள்.

மதியம் அவருடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். சத்தம் இல்லாத அறையில் படிக்க முடியவில்லை. கடல் வற்றிப்போன இடத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

நாளை அவர் என்ன முடிவு எடுத்தாலும், அதைப் பிறர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்வேன். நியாயம்தான்.


மார்ச் 20, வியாழன்

விடியலில் போன் வந்தது. “பட்டறைக்கு வா” என்றார். அவ்வளவுதான்.

போகும்போது இருள் பிரிந்துகொண்டிருந்தது. மலைக்கோட்டை பனிக்குள் பாதி கரைந்து நின்றது. சாலையில் வண்டி, முதல் கோட்டில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வார் கட்டி நின்றார். குப்பண்ணன் இரண்டாவது கோட்டில். இன்று கடைசி நாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

இரண்டு வாரத்தில் அவர் இளைத்திருந்தார். கண்ணின் ரத்தப் பொட்டு மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது.

“ஏறு” என்றார்.

மாட்டேன் என்றேன். வேறு யாரையாவது ஏற்றிக்கொள்ளுங்கள், நான் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்க்க மாட்டேன், இந்த முறை ஒளித்துச் செய்யவில்லை, நேராகவே சொல்கிறேன் என்றேன்.

அவர் தலையசைத்தார். இதைத்தான் கேட்கக் காத்திருந்தவர் போல.

“சேலம் போனேன். எனக்கு மொகத்துக்கு நேராச் சொல்லுங்கன்னு டாக்டரக் கேட்டேன். சொன்னாரு. இன்னொரு படமும் போட்டுக் காமிச்சாரு.” நெஞ்சில் வாரின் மேல் கை வைத்துக்கொண்டார். “நேத்து அவங்களுக்கு எழுதிட்டேன். நான் வரலைன்னு.”

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டிலிருந்து வெள்ளைக் கோடு வரை, ஒரு முறை போய் ஒரு முறை வந்தது பார்வை.

“அப்பறம் எதுக்கு மாமா வாரு?”

“நீ ஏறு. முழுக் கால வெச்சு அழுத்திக்க. அடி வரைக்கும். நான் இழுக்கல. சாயணும் ஒருக்கா. அவ்வளவுதான்.”

ஏறினேன். செருப்போடு. கைப்பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை அடிமட்டம் வரை மிதித்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே அந்த முதுகு. கயிறு மெல்ல இறுகியது. அவர் முன்னால் சாய்ந்தார், இன்னும் சாய்ந்தார், யாரும் நிற்க முடியாத ஒரு கோணம் வரை. கைகளில் முன்கயிறு இல்லை. அவை இரண்டு பக்கமும் தொங்கின. தூங்கும் குழந்தையின் கைகள் போல விரல்கள் விரிந்திருந்தன. தோள்கள் ஏறி இறங்கின. மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே, வெளியே, உள்ளே. தம் கட்டாமல் அந்த வாருக்குள் அவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மலைக்கோட்டை நகரவில்லை. பனி மட்டும் நகர்ந்தது.

குப்பண்ணன் போனை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சட்டைப் பையில் கை வைத்தபடி நின்றார். பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவரின் முதுகு குலுங்கியது. ஒரு முறை, அப்புறம் பல முறை. கயிறு அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

என் கால் மரத்துப்போனது. அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, திரும்பாமலே சொன்னார்.

“காலை எடுத்துராத.”

எடுத்தாலும் அவர் சாய்ந்திருக்கும் பாரத்துக்குப் பதினாறு டன் நகராது. அது இருவருக்கும் தெரியும். இரண்டாவது காலையும் கொண்டுவந்து அதன் மேல் வைத்து அழுத்தினேன்.